தேர்தலிற் பொய்யுரையும் சட்டத்தின் கடமையும்

மக்களாட்சியிலே தேர்தல் நாள் என்பது நாட்டு மக்கள் அனைவரும் நீதிபதிகளாய் அமரும் நாளாகும். நீதிபதியின் முன்னே வைக்கப்படும் சான்று பொய்யாயின் அவர் வழங்கும் தீர்ப்பும் பழுதுபடும். நீதிமன்றிற் பொய்ச்சான்று பகர்தல் குற்றமென்பது பண்டுதொட்டே எல்லா நாட்டினராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. ஆனால், மக்கள் மன்றிலே தேர்தற் காலத்திற் பகரப்படும் பொய்யைச் சட்டம் எவ்வாறு தடுத்தல் வேண்டும், எந்த அளவிற்குத் தடுத்தல் வேண்டும் என்னும் வினா நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டமியற்றுவோரை வருத்தி வருகின்றது. அவ்வினாவின் கடுமையை யாழ்ப்பாணக் குடாநாடு ஒரு காலைப் பொழுதிலே நேரிற் கண்டது.

2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21ஆம் நாள், சனிக்கிழமை, வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. அன்று குடாநாட்டிலே ‘உதயன்’ நாளிதழின் பெயரையும் தோற்றத்தையும் தாங்கிய தாளொன்று பரப்பப்பட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளராய் நின்ற அனந்தி சசிதரன் அரசாங்கத் தரப்பிற் சேர்ந்துவிட்டார் என்பது அத்தாள் கொணர்ந்த செய்தி. செய்தியும் பொய், அச்செய்தியைச் சுமந்து வந்த பத்திரிகையும் பொய். வாக்களிப்புக்கு முந்திய நாள் விடியுமுன்னரே அவ்வேட்பாளரின் இல்லம் ஆயுதந் தாங்கியோரால் தாக்கப்பட்டிருந்தது. அச்சம் பரவியிருந்த அவ்வேளையிலே ஐயத்தையும் பரப்புதற்கு அத்தாள் வந்தது. தேர்தலை நோக்க வந்திருந்த பொதுநலவாய நாடுகளின் குழுவினரும் இந்நிகழ்ச்சியைத் தம் அறிக்கையிற் குறித்தனர்.

அன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்த ஊர்களுள் வடமராட்சியைச் சார்ந்த கரவெட்டியும் ஒன்று. உடுப்பிட்டிப் பிரிவினுள் அடங்கும் அவ்வூரார் தேர்தலுக்குப் புதியவரல்லர். 1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர், மகளிர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும், முழுமையான தன்னாட்சி தரப்படவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பை ஏற்று வடபாகத்தின் நான்கு தொகுதிகள் அத்தேர்தலைப் புறக்கணித்தன. பருத்தித்துறைத் தொகுதியும் அவற்றுள் ஒன்று. 1934இல் இடம்பெற்ற இடைத்தேர்தலிலேயே அத்தொகுதியினர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தை அரசாங்க சபைக்கு அனுப்பினர். பின்னர், 1960 மார்ச்சிலே உடுப்பிட்டி தனித்தொகுதியாய்த் தேர்தலைக் கண்டபோது, கரவெட்டியைச் சேர்ந்த மு. சிவசிதம்பரம் அதன் முதற் பாராளுமன்ற உறுப்பினரானார். 1965இல் அவரை மீண்டும் தெரிந்த அதே மக்கள் 1970இல் வேறொருவரைத் தெரிந்தனர். கொடுத்த வாக்கை மீளப்பெறவும் வல்லவர்கள் தாமே வாக்கின் மதிப்பை அறிந்தவர்கள்.

அக்காலத் தேர்தல்களின் கருவிகள் சிலவே. மாலையில் மேடைப்பேச்சு; பகலிற் படலைக்குப் படலை செல்லும் துண்டுப்பிரசுரம்; மதிலிற் சுவரொட்டி; வாசிகசாலையிலே பலர் கூடி வாசிக்கும் பத்திரிகை. இவற்றுள் மேடைப்பேச்சுப் பேசியவனுக்கு முகம் உண்டு. பத்திரிகைக்கு ஆசிரியன் உண்டு. துண்டுப்பிரசுரம் ஒன்றே முகமின்றி உலவத்தக்கது. அச்சிட்டவன் பெயரும் வெளியிட்டவன் பெயரும் இல்லாது இரவோடிரவாக எறியப்படும் மொட்டைப் பிரசுரம் தேர்தற் காலத்தின் பழைய நோய். சட்டம் முதலிற் கைவைத்ததும் அந்நோயின் மீதே.

1946ஆம் ஆண்டின் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல்கள் மன்றக் கட்டளை, 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதலாகப் பல தேர்தல்களை ஆண்ட சட்டம். அதன் 58ஆம் பிரிவு ஊழற் செய்கைகள் இவையென வகுத்துரைத்தது. தேர்தலைக் குறிக்கும் விளம்பரமோ துண்டுப்பிரசுரமோ சுவரொட்டியோ தன் முகத்தில் அச்சிட்டோர், வெளியிட்டோர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் தாங்காது வெளிவருமாயின் அது குற்றம். வேட்பாளர் ஒருவரின் வெற்றிவாய்ப்பைப் பாதிக்கும் நோக்கத்துடன் அவரது ஒழுக்கத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய்யான செய்தி வெளியிடல் குற்றம். ஒருவரின் வெற்றிக்காக இன்னொரு வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் எனப் பொய்யுரை பரப்புதலும் குற்றம். குற்றவாளியாய்க் காணப்பட்டோர் ஏழாண்டுகளுக்கு வாக்குரிமையையும் தேர்தலில் நிற்கும் தகுதியையும் இழப்பர். வேட்பாளரோ அவரின் முகவரோ இக்குற்றம் புரிந்தமை தேர்தல் மனு விசாரணையில் நிறுவப்படுமாயின் பெற்ற வெற்றியே செல்லாதாகும்.

இவ்விதிகள் இலங்கையிலே முளைத்தவை அல்ல. இங்கிலாந்து 1883இல் இயற்றிய ஊழற் செய்கைத் தடைச்சட்டத்திலும், வேட்பாளரின் ஒழுக்கம்பற்றிய பொய்யுரையைத் தடுக்க 1895இல் அதனோடு சேர்த்த சட்டத்திலும் இவற்றின் வேர் உள்ளது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 123ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் இக்கருத்தையே ஏற்றுக்கொண்டது. இவையனைத்திலும் ஒரு பொதுப்பண்பு காணப்படும். வேட்பாளரின் கொள்கையைப் பழித்தல் குற்றமன்று. அவருடைய ஆட்சித்திறனை எள்ளி நகையாடல் குற்றமன்று. நிகழாத செயலை நிகழ்ந்ததாகக் கூறி அவரது ஒழுக்கத்தைக் கெடுத்தலே குற்றம். கருத்து வேறு, செய்தி வேறு என்னும் இவ்வெல்லைக் கோட்டை அன்றைய சட்டமியற்றுவோர் வேண்டுமென்றே வரைந்தனர். அரசியற் கருத்தின் மெய்ம்மையை நீதிமன்று அளக்கப் புகுந்தால் தேர்தலே நீதிமன்றுக்குள் நடைபெறவேண்டி வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கும் அது விரைந்து செல்லமாட்டாது என்பதற்கும் ஒரே வழக்குச் சான்றாகும். 2010 மே மாதம் 6ஆம் நாள் நடைபெற்ற பிரித்தானியப் பொதுத்தேர்தலிலே பில் ஊலாஸ் என்பவர் 103 வாக்குகளால் வென்றார். எதிர்வேட்பாளரைப்பற்றித் தம் பிரசுரங்களில் அவர் பொய்யுரைத்தார் எனத் தேர்தல் நீதிமன்று கண்டு, நவம்பர் 5ஆம் நாள் அவ்வெற்றியை வறிதாக்கியது. 1911இல் அயர்லாந்தின் வட லௌத் தொகுதிபற்றி வழங்கப்பட்ட தீர்ப்பின் பின்னர் அத்தகைய தீர்ப்பு வந்தது அதுவே முதன்முறை. தீர்ப்பு நேரியது, ஆனால் அது வருவதற்கு ஆறு திங்கள் சென்றன. பொய் ஒரே நாளில் வேலை முடித்துவிடுகின்றது.

இதுகாறும் கூறியவை ‘என்ன சொல்லப்பட்டது’ என்பதைப் பற்றிய சட்டங்கள். இதனினும் நுண்ணிய தீமை ஒன்றுண்டு. ‘யார் சொன்னார்’ என்பதையே பொய்யாக்குதல் அது. 1924 ஒக்டோபர் 29இல் பிரித்தானியாவிலே தேர்தல் நடைபெற இருந்தது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை, மாஸ்கோவிலிருந்து சினோவியேவ் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதமொன்றை வெளியிட்டது. பிரித்தானியப் பொதுவுடைமையாளரைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் அக்கடிதம் ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசாங்கத்துக்கு இழுக்காயிற்று. அவர் தோல்வியடைந்தார். அக்கடிதம் போலியாதலே மிகவும் பொருந்தும் எனப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சின் வரலாற்றறிஞர் தம் அறிக்கையிற் கூறியது 1999இல். இடையிற் கழிந்தவை எழுபத்தைந்து ஆண்டுகள்.

எழுத்திற்கு நேர்ந்தது பின்னர்ப் படத்திற்கும் நேர்ந்தது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே செனற்றர் மில்லார்ட் ரைடிங்ஸ் மீண்டும் தேர்தலில் நின்றார். பொதுவுடைமைக் கட்சித் தலைவராயிருந்த ஏர்ல் பிரௌடர் பேச, ரைடிங்ஸ் செவிசாய்த்துக் கேட்பதுபோன்ற படம் ஒரு தேர்தற் பிரசுரத்தில் வெளிவந்தது. வெவ்வேறு காலத்தில் எடுக்கப்பட்ட இரு படங்களை வெட்டி ஒட்டியே அப்படம் ஆக்கப்பட்டது. ‘கூட்டுப்படம்’ என்னும் சொல் படத்தின் கீழ்க் குறிப்பிலே இருக்கத்தான் செய்தது. ஆயினும் கண் கண்டதைக் குறிப்பு மாற்றவில்லை. ரைடிங்ஸ் தோற்றார். 1951இல் செனற் சபையின் துணைக்குழு அப்பிரசுரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. வென்றவரின் பிரசார மேலாளருக்கு 5,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அத்தண்டமோ போலிப் படத்துக்காக அன்று. தேர்தற் பணம்பற்றிய மாநிலச் சட்டத்தை மீறியமைக்காக. படத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கவில்லை. வென்றவர் 1963 வரை அப்பதவியில் இருந்தார்.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு 2013ஆம் ஆண்டுப் போலி உதயனை நோக்கினால் அதன் சூழ்ச்சி தெளிவாகும். 1885இலேயே அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இலங்கையில் வந்துவிட்டது. 1981இல் இயற்றப்பட்ட சனாதிபதித் தேர்தல்கள் சட்டம் பின்னும் ஒரு படி சென்று, வேட்பாளரின் பேச்சையும் செயலையும் பற்றித் தேர்தல் முடிவைப் பாதிக்கத்தக்க பொய்ச்செய்தி ஒரு பத்திரிகையில் வெளிவந்தால், அதன் உரிமையாளர், முகாமையாளர், ஆசிரியர், வெளியிடுவோர் ஆகியோரைப் பொறுப்பாளராக்கியது. சட்டத்தின் வழி இதுவே: தாளிற் பொறித்துள்ள பெயரைப் பற்றிக்கொண்டு குற்றவாளியிடம் செல்லுதல். மொட்டைப் பிரசுரத்தைப் பரப்பியவன் பெயரை மறைத்தான். ஆதலால் அவனைத் தேடுவது அரிதாயிற்று. போலிப் பத்திரிகை செய்தவனோ அதனினும் கொடியவன். அவன் பிறன் பெயரைத் திருடினான். அத்தாளின் முகப்பிலிருந்த பெயரைப் பற்றிக்கொண்டு சட்டம் நடந்திருந்தால், அது சென்றடைவது குற்றவாளியின் வாயிலை அன்று. களவு கொடுத்தவனின் வாயிலையே.

பிறிதொன்றும் கருதத்தக்கது. வேட்பாளர் விலகிவிட்டார் என்னும் பொய்யைத் தடுக்கப் பழைய சட்டத்தில் விதி உண்டு. கட்சி மாறிவிட்டார் என்பதோ விலகினார் என்பதினும் நஞ்சு மிக்கது. விலகியவர்க்கு மக்கள் இரங்குவர், மாறியவரை வெறுப்பர். விகிதாசாரத் தேர்தலிலே ஒரே பட்டியலில் நிற்பவர்களுக்கு விருப்பு வாக்கு இடும் முறையில், ஒருவர் பெயரைக் கெடுத்தால் போதும். பட்டியல் முழுவதன் மீதும் ஐயம் படரும். மேலும் அத்தாள் வந்தது வாக்களிப்பு நாளிலே. பிரசாரம் ஓய்ந்திருக்கவேண்டும் என்று சட்டம் விதித்த காலம் அது. விதிக்குக் கட்டுப்பட்டவர் வாய்மூடியிருக்க, விதியை மதியாதவன் மாத்திரம் பேசினான்.

ஆயினும் அன்று அப்பொய் வெல்லவில்லை. அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்திலே க. வி. விக்கினேஸ்வரன் ஒருவரே அவரினும் மிகுதியாகப் பெற்றார். மாவட்டத்தின் பதினாறு ஆசனங்களுட் பதினான்கு கூட்டமைப்புக்குக் கிடைத்தன. பொய்யைத் தோற்கடித்தது எந்த நீதிமன்றும் அன்று, வாக்காளரின் அறிவே. தாம் நாள்தோறும் வாசிக்கும் பத்திரிகை எது, தம் வேட்பாளர் யார், இச்செய்தியால் நன்மை அடைபவர் யார் என்று ஆராயும் பழக்கம் நெடுங்கால வாசிப்பினால் வளர்ந்தது. 1841இல் ‘உதயதாரகை’ தோன்றிய நாள் முதலாகப் பத்திரிகை வாசித்த மண்ணிலே, போலித்தாள் ஒன்று முகத்தை மட்டும் ஒப்பனை செய்துகொண்டு வந்து ஏமாற்றுதல் எளிதன்று.

ஆனால் அவ்வெற்றியை என்றும் நம்பியிருத்தல் இயலாது. 2013இல் ஒரு பொய்யைப் பரப்ப அச்சகமும் தாளும் விநியோகிக்க ஆட்களும் வேண்டியிருந்தன. பத்தாண்டு கழியுமுன் அவையொன்றும் வேண்டாதவாயின. 2023 செப்டெம்பர் 30இல் சுலோவாக்கியாவிலே நடைபெற்ற தேர்தலுக்கு இரு நாள்களுக்கு முன்னர், அரசியற்கட்சித் தலைவர் மிகால் சிமெச்கா தேர்தல் மோசடிபற்றி ஒரு பத்திரிகையாளருடன் உரையாடுவதுபோன்ற ஒலிப்பதிவு பரவியது. அது செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஆக்கப்பட்ட போலிக்குரல் என ஆராய்ந்தோர் கண்டனர். அங்கும் அது வாய்மூடியிருக்க வேண்டிய காலம். தமிழகத்திலோ 2018இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியிலே திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் 2016இல் மறைந்த ஜெ. ஜெயலலிதாவின் குரலும் கேட்டது. இவை அவரவர் கட்சியினரே ஆக்கியவை. செயற்கையானவை என்பதும் மறைக்கப்படவில்லை. எனினும், இறந்தார் குரலை இசைவோடு எழுப்ப இயலுமாயின் இருப்பார் குரலை இசைவின்றி எழுப்பவும் இயலும் என்பது எவர்க்கும் விளங்கும்.

ஆகவே நாடுகள் புதிய சட்டங்களை நாடின. அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலம் 2019இலே, தேர்தலுக்கு முந்திய முப்பது நாள்களுள் ஏமாற்றும் நோக்கோடு போலிக் காணொளி ஆக்கிப் பரப்புதலைக் குற்றமாக்கியது. தென்கொரியா 2023 டிசம்பரில் தன் தேர்தற் சட்டத்தைத் திருத்தி, தேர்தலுக்கு முந்திய தொண்ணூறு நாள்களில் இத்தகைய செயற்கைக் காட்சிகளைப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தலைத் தடுத்தது. இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 மே மாதத்திலே, போலிக் காட்சி பற்றி அறிந்த மூன்று மணி நேரத்துள் அதனை அகற்றுமாறு கட்சிகளைப் பணித்தது. தமிழையும் ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூர், 2024 ஒக்டோபரில் இயற்றிய சட்டத்தால், வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் காட்டும் மின்னியற் போலிகளைத் தேர்தற் காலத்தில் விலக்கியது. இச்சட்டங்கள் இரண்டு வகையில் 1946ஆம் ஆண்டுக் கட்டளையைக் கடந்து சென்றன. ஒன்று, காலத்தை அவை கணக்கிற் கொண்டன. மற்றொன்று, சொன்னது பொய்யா என்பதைவிடச் சொன்னவரே பொய்யா என்பதை அவை முதன்மையாக நோக்கின.

மருந்திலும் நஞ்சு உண்டு. கலிபோர்னியா 2024இல் இயற்றிய சட்டம், கேலிக்காகச் செய்யப்படும் போலியையும் சேர்த்துப் பற்றுகின்றது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2025 ஓகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்று அதனைப் பேச்சுரிமைக்கு முரணானதெனத் தள்ளியது. இலங்கையிலே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்றுகளைத் தடைசெய்யப் புகுந்தபோது, எது பொய் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்னும் அச்சம் பத்திரிகையாளரிடத்தும் சட்ட அறிஞரிடத்தும் எழுந்தது. யாழ்ப்பாணத்தவர்க்கு அவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. எந்தப் பத்திரிகையின் பெயர் 2013 செப்டெம்பரிலே திருடப்பட்டதோ, அதே பத்திரிகையின் அலுவலகத்தினுள் 2006 மே 2ஆம் நாள் ஆயுததாரிகள் புகுந்து பணியாளர் இருவரைக் கொன்றனர். 2013 ஏப்ரில் 13ஆம் நாள் அதன் அச்சுப்பொறிக்குத் தீ மூட்டப்பட்டது. பொய்யை அடக்குவதற்கென ஆக்கப்படும் சட்டம் மெய்யுரைப்பாரை அடக்கப் பயன்படுமாயின், போலித்தாள் செய்ய முற்பட்டதைச் சட்டமே செய்து முடித்ததாகும்.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்குமிடத்துச் சில நெறிகள் புலனாகின்றன. கருத்தையும் நகைச்சுவையையும் சட்டம் தீண்டாதிருத்தல் வேண்டும். பிறனொருவனின் பெயரையும் முகத்தையும் குரலையும் திருடுதலையே குற்றமெனக் கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொண்டால் ஆட்சியாளர் விரும்பாத செய்தியைப் பொய்யெனத் தண்டிக்க வழி இராது. ஏனெனில், அக்குரல் தன்னுடையதா அன்றா என்பதைச் சொல்ல உரியவன் அக்குரலுக்குரியவனே. அடுத்து, ஆறு திங்களின் பின் வழங்கும் தண்டனையினும் ஆறு நாழிகைக்குள் வரும் மறுப்பே வாக்காளர்க்குப் பயன்தரும். ஆதலால், பிரசாரம் ஓய்ந்த காலத்திலும் பெயர் திருடப்பட்டவர் மறுப்புரைக்க உரிமை பெறுதல் வேண்டும். அம்மறுப்பு வாக்கெடுப்பு முடியுமுன் ஊரூராய்ச் சென்று சேர்தல் வேண்டும். இறுதியாக, முடிவு செய்யும் கடமை அரசாங்கத்தின் வழிநடவாத தேர்தல் ஆணைக்குழுவிடமும் நீதிமன்றிடமும் இருத்தல் வேண்டும். தேர்தலிலே போட்டியிடும் தரப்பே நடுவராகவும் அமர்தல் எந்த விளையாட்டிலும் முறையன்று.

சட்டம் எத்துணைச் செம்மையாய் அமைந்தாலும், அது பொய்யின் பின்னே ஓடுவதேயன்றி முன்னே செல்வதன்று. முன்னே நிற்கத்தக்கவர் வாக்காளர் ஒருவரே. 2013ஆம் ஆண்டின் அந்தக் காலையிலே குடாநாட்டு மக்கள் ஒரு தாளைக் கையில் எடுத்து, அதன் முகப்பை நம்பிவிடாது உள்ளே இருந்ததை எடைபோட்டனர். அவ்வாற்றல் பிறப்போடு வருவதன்று. பள்ளியிலும் வாசிகசாலையிலும் பெற்றோரிடத்தும் பயின்று வருவது. தாளை ஐயுற்று நோக்கக் கற்றவரின் மக்கள், திரையிலே தம் தலைவரின் முகமே தோன்றித் தம் தலைவரின் குரலே ஒலிக்கும்போதும், ‘இதனை இவர் எங்கே, எப்போது, யார் முன்னிலையிற் சொன்னார்?’ என்று வினவக் கற்றல் வேண்டும். கரவெட்டி முதலிய ஊர்களின் ஆசிரியர்க்கு இன்றுள்ள கடமைகளுள் இதனை முதன்மையானதாகக் கொள்ளல் தகும்.